கருந்துளையின் நிறை: நம்பிக்கைகளும் உண்மைகளும்

தொலைதூர விண்மீன் மண்டலம் ஒன்றின் மையத்தில் நூறு கோடி சூரிய நிறை கொண்ட கருந்துளை இருப்பதாகச் செய்தி வருகிறது. சிலர் அதை வெறும் ஊகம் என்று தள்ளுகிறார்கள். சிலர் அந்த எண்ணை அப்படியே வேதவாக்காக எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டுமே பிழை.

நம்பிக்கை: ஒளியே வெளிவராத கருந்துளையின் நிறையை அளக்க முடியாது.

உண்மை: அளக்கப்படுவது அதைச் சுற்றும் வாயுவின் ஒளி. அந்த வாயு நொடிக்குப் பல ஆயிரம் கிலோமீட்டர் வேகத்தில் சுழல்கிறது. நம்மை நோக்கி வரும் வாயுவின் ஒளி நீலப் பக்கமும், விலகிப் போவதன் ஒளி சிவப்புப் பக்கமும் நகர்வதால், ஹைட்ரஜனின் ஹெச்-பீட்டா வரி நிறமாலையில் அகன்று தெரியும். அகலம் வேகத்தைச் சொல்லும். வேகத்தின் வர்க்கத்தைத் தொலைவால் பெருக்கி, ஈர்ப்பு மாறிலியால் வகுத்தால் நிறை கிடைக்கும். பூமியின் சுற்றுப்பாதையிலிருந்து சூரியனின் நிறையைக் கணக்கிடுவதும் இதே விதியால்தான்.

நம்பிக்கை: வரியின் அகலம் தெரிந்தால் போதும்.

உண்மை: வாயு எவ்வளவு தொலைவில் சுழல்கிறது என்பதும் தெரிய வேண்டும். வானியற்பியலாளர்கள் பிளாண்ட்ஃபோர்டும் மெக்கீயும் 1982இல் இதற்கு வகுத்த வழி அழகானது. மையத்தில், கருந்துளைக்கு மிக அருகிலுள்ள பொருளின் ஒளி கூடினால், சிறிது காலம் கழித்தே சுற்றும் வாயுவின் வரியும் பிரகாசமாகும். அந்தத் தாமதத்தில் ஒளி கடக்கும் தூரமே வாயுவின் தொலைவு. என்ஜிசி 5548 மண்டலத்தில் மையம் பிரகாசிக்கும் காலங்களில் தாமதம் நீள்கிறது, வரி ஒடுங்குகிறது. நிறை மட்டும் ஏறத்தாழ மாறாமல் சில கோடி சூரியன்களாகவே வருகிறது. வாயுவை ஆள்வது கருந்துளையின் ஈர்ப்பு என்பதற்கு இது வலுவான சான்று.

நம்பிக்கை: எல்லாக் கருந்துளைகளும் இப்படியே அளக்கப்படுகின்றன.

உண்மை: தாமதத்தை அளக்க மாதக்கணக்கில், சமயத்தில் ஆண்டுக்கணக்கில் கண்காணிக்க வேண்டும். அதனால் கருந்துளை விழுங்கும் வாயுவால் பேரொளி வீசும் மண்டல மையங்களான குவேசார்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே ஒரு நிறமாலைதான் ஆதாரம். வாயுவின் தொலைவை மையத்தின் பிரகாசத்தைக் கொண்டு மதிப்பிடுகிறார்கள். இதில் மூன்று மடங்கு வரை பிழை சாதாரணம். நூறு கோடி என்பது முப்பது கோடியாகவோ முந்நூறு கோடியாகவோ இருக்கலாம். மிகத் தொலைவிலுள்ளவற்றுக்குப் பயன்படும் கார்பன் வரியை, வெளியே வீசும் வாயுக்காற்று உருக்குலைப்பதும் உண்டு.

நம்பிக்கை: எண் மாறினால் முறையே பொய்.

உண்மை: வானியலாளர் மார்ட்டின் ஷ்மிட் 1963இல் தொலைதூரப் பொருளென இனங்கண்ட 3சி 273 குவேசாருக்கு, தாமத முறை 2004இல் ஏறத்தாழ 90 கோடி சூரிய நிறை தந்தது. சிலியின் பரனால் மலையிலுள்ள நான்கு பெரிய தொலைநோக்கிகளை இணைக்கும் கிராவிட்டி கருவி, 2018இல் அந்த வாயுவின் சுழற்சியையே பிரித்துப் பார்த்தது. நிறை சுமார் 30 கோடி என்று வந்தது. எண் இறங்கியது, வாயு ஒழுங்காகச் சுழல்கிறது என்ற அடிப்படை உறுதியானது.

அடுத்த முறை இப்படியொரு எண்ணைப் படிக்கும்போது, எந்த வரி, தொலைவை அளந்தார்களா மதிப்பிட்டார்களா, பிழை எல்லை எவ்வளவு என்று கேளுங்கள். இளம் பிரபஞ்சத்தில் கருந்துளைகள் எப்படி இவ்வளவு விரைவாகப் பெருத்தன என்ற பெரும் புதிரின் கனமே இந்த விடைகளைப் பொறுத்தது.