ஒற்றியூரும் வெள்ளமும்: வடசென்னை வெள்ள வரலாற்றில் கொசத்தலையாறு

திறவுச்சொற்கள்: கொசத்தலையாறு, எண்ணூர்க் கழிமுகம், திருவொற்றியூர், ஊர்ப்பெயராய்வு, தலபுராண மரபு

முன்னுரை

சென்னையின் வெள்ள வரலாற்றை எழுதுவோர் 1943, 1976, 2005, 2015 ஆகிய ஆண்டுகளை வரிசைப்படுத்துவது வழக்கம். அவ்வரிசையில் அடையாறும் கூவமுமே முதன்மை பெறுகின்றன. எண்ணூரில் கடலை அடையும் கொசத்தலையாறு, இம்மூன்றனுள் பெரியதாயினும், போகிற போக்கிலேயே சுட்டப்படுகின்றது. இதற்கு நிருவாகக் காரணமும் உண்டு. திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி ஆகியவை 2011ஆம் ஆண்டில்தான் சென்னை மாநகராட்சியுடன் இணைந்தன. அதற்கு முன் அங்குத் தேங்கிய நீர் ‘சென்னை வெள்ளம்’ என்னும் கணக்கில் எளிதில் இடம்பெறவில்லை. இவ்விடைவெளியில் ஊர்ப்பெயர்களும் தலபுராண மரபும் எந்த அளவிற்குச் சான்றாக நிற்கும் என்பதை இக்கட்டுரை ஆராய்கின்றது.

ஊர்ப்பெயர்களில் நீர்

திருவொற்றியூர் என்னும் பெயர்க்குத் தலபுராணம் தரும் விளக்கம் வெள்ளத்தைப் பற்றியது. ஊழிப் பெருவெள்ளம் சூழ்ந்தபோது இறைவன் அந்நீரை ஒற்றி நிற்கச் செய்தமையால் ஒற்றியூர் ஆயிற்று என்பது அம்மரபு. ஆதிபுரி, ஆதிபுரீசுவரர் என்னும் பெயர்களும் இதனோடு இயைபுடையன. ‘ஒத்திப் போ’ என்று விலகி நிற்கச் சொல்லும் இன்றைய பேச்சுவழக்கு இவ்விளக்கத்திற்கு வலுச்சேர்க்கும். எனினும் ஒற்றி என்பதற்கு அடகு என்னும் பொருளும் உண்டாகலின், பெயர்க்காரணம் இதுவே என அறுதியிட இயலாது. ஊழிவெள்ளக் கதை பல தலங்களுக்கும் பொதுவானது. அதனைக் குறிப்பிட்ட ஓர் ஆண்டின் நிகழ்வாகக் கொள்வது ஆய்வுநெறி ஆகாது. இங்குக் கருதத்தக்கது, நீரை விலக்கியதால் உண்டான நிலம் எனத் தம் ஊரை அம்மக்கள் எண்ணியிருந்தனர் என்பதே.

ஏனைய பெயர்கள் இத்துணைச் சிக்கல் உடையன அல்ல. முகத்துவாரக்குப்பம் ஆறு கடலொடு கலக்கும் இடத்தையே பெயராகக் கொண்டது. தாழங்குப்பம் நெய்தல் நிலத் தாழையை நினைவூட்டுகின்றது. கத்திவாக்கத்தின் ஈறாகிய பாக்கம், கடற்கரைச் சிற்றூரைக் குறிக்கும் பழஞ்சொல். தொழிற்சாலைக்கு ஏற்ற வெற்றிடமாகப் பின்னர்க் கருதப்பட்ட பரப்பு, பெயர்களில் கழியாகவும் கானலாகவுமே பதிவாகியுள்ளது.

நீர் வடியும் வழி

கொசத்தலையாறு பூண்டி நீர்த்தேக்கத்தைக் கடந்து, தாமரைப்பாக்கம், வல்லூர் அணைக்கட்டுகள் வழியாக எண்ணூரை அடைகின்றது. பூண்டி நீர்த்தேக்கம் 1944இல் கட்டிமுடிக்கப்பட்டது. புழல் ஏரியின் உபரிநீர், சடையங்குப்பம் வழியாக இதே கழியை நாடி வருகின்றது. இவற்றோடு பக்கிங்காம் கால்வாயும் சேர்கின்றது. 1806இல் பேசில் காக்ரேன் தொடங்கிய அக்கால்வாய், முதலில் சென்னையையும் எண்ணூரையும் இணைக்கும் படகுவழியாகவே அமைந்தது. மூன்று திசை நீருக்கும் வாயில் ஒன்றே. வடகிழக்குப் பருவக்காற்றின்போது கடல் பொங்கி நின்றால் அவ்வாயில் நீரை ஏலாது. மணல் மேடிட்டுத் தூர்ந்தால் நிலைமை இன்னும் கடுமையாகும்.

கழியின் கொள்ளளவு குறைந்தமை இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி நிகழ்வு. அனல்மின் நிலையங்களின் சாம்பல் கழியில் படிந்தது. 2001இல் எண்ணூர்த் துறைமுகம் செயற்படத் தொடங்கிய பின் சுற்றுநிலம் மேலும் மேடாக்கப்பட்டது. 2015 டிசம்பரிலும் 2021 நவம்பரிலும் மணலி புதுநகர் நீரில் மூழ்கியதை மழையின் அளவைக் கொண்டு மட்டும் விளக்குவது போதாது. 2021ஆம் ஆண்டு மேற்குறித்த வழக்கமான வரிசையில் இடம்பெறாமை கவனிக்கத்தக்கது.

2023 டிசம்பர்

மிக்சாம் புயல்மழையின்போது மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் வெள்ளத்தோடு கலந்து, பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இதனை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. படகும் வலையும் எண்ணெய் படிந்து பாழாயின. மீனவர் தொழில் முடங்கியது. வண்டல் கொணர்ந்து நிலத்தை வளப்படுத்துவதையும் உட்கொண்ட ‘வெள்ளம்’ என்னும் சொல், இந்நிகழ்வைச் சுட்டப் போதுமானதா என்பது சொற்பொருளியல் நோக்கிலும் எழும் வினா.

எர்ணாவூர்ப் பகுதியில் வீட்டுச்சுவர்களில் அவ்வெண்ணெய் கறுப்புக் கோடாகப் படிந்தது. நீர் எவ்வளவு உயர்ந்தது என்பதற்கு அளவுக்கல் இல்லாத தெருக்களில் அக்கோடே சான்று. சுண்ணாம்பு பூசப்பட்ட சுவர்களில் அது மறைந்துவிடும். எஞ்சிய சுவர்களில் அதன் உயரத்தைத் தெருவாரியாக அளந்து, ஊர்ப்பெயர்ப் பட்டியலோடு ஒப்பிடும் களப்பணி உடனடியாக மேற்கொள்ளத்தக்கது.