குடத்து நீரும் குடும்ப க்ஷேமமும்

கார்த்திகைத் தீபத்தன்றும் பௌர்ணமிதோறும் திருவண்ணாமலையை வலம்வரக் கூடும் ஜனத்திரளை நம் அங்கத்தினர்கள் நன்கறிவர். சுமார் 14 கிலோமீட்டர் நீளமுள்ள கிரிவலப் பாதையில் நடப்போரின் தாகந்தீர்க்கத் தண்ணீர்ப் பந்தல் வைப்பது நம் நாட்டின் பழைய தருமம். ஆயினும், தாகந்தீர்க்கும் குவளையே சில வேளைகளில் நோயையும் கொடுத்துவிடுகின்றது. பந்தலில் நேர்வது வீட்டிலும் நேரும். நீர் எவ்விடத்தில் கெடுகின்றது, அதைத் தடுக்கும் எளிய வழக்கங்கள் யாவை என்பனவற்றை இப்பாடத்தில் ஆராய்வோம்.

1. சங்கத்துக்கு இதில் என்ன சம்பந்தம்?

கடன் கொடுப்பதும் வசூலிப்பதுமே சங்கத்தின் வேலை என்று சிலர் கருதக்கூடும். நடவுக் காலத்தில் ஓர் அங்கத்தினர் பத்து நாள் படுக்கையில் கிடப்பாராயின், வயல் வேலை பிந்துகின்றது, கூலி போகின்றது, பயிருக்கென்று வாங்கிய பணம் வைத்தியத்துக்குச் செலவாகின்றது, முடிவில் தவணை தவறுகின்றது. ஆகையால் நோயைத் தடுப்பது சங்கத்தின் முதலைக் காப்பதேயாகும்.

2. நோய் வரும் வழி

வாந்திபேதி என்னும் காலரா முற்காலத்தில் திருவிழாக் கூட்டங்களைப் பின்தொடர்ந்து ஊர் ஊராய்ப் பரவியது. இதனாலேயே 1939-ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் சந்தைகளுக்கும் திருவிழாக்களுக்கும் தனி அத்தியாயம் வகுத்தது. 1884-ஆம் ஆண்டில் ராபர்ட் காக் என்ற ஜெர்மானிய அறிஞர் கல்கத்தாவில் ஒரு குளத்து நீரைச் சோதித்து, அதில் காலராக் கிருமியைக் கண்டார். அக்குளத்தைச் சூழ வசித்தவர்கள் அதிலேயே குளித்தனர், துணி துவைத்தனர், அதையே குடிக்கவும் எடுத்தனர். முதலில் இறந்தவரின் துணிகளும் அங்கேயே துவைக்கப்பட்டிருந்தன. நோயாளியின் மலத்திலுள்ள கிருமி நீரிற் கலந்து மற்றொருவர் வாய்க்குள் செல்வதே நோய் பரவும் வழி என்பது இதனால் விளங்கும். காலரா இன்று பெரிதும் குறைந்திருப்பினும், வயிற்றுப்போக்கு, டைபாய்டு, ஒருவகை மஞ்சட்காமாலை ஆகியவை இதே வழியில்தான் வருகின்றன.

3. கிணற்று நீரைச் சுத்தி செய்தல்

ஆயிரம் லிட்டர் நீருக்கு நல்ல பிளீச்சிங் பவுடர் சுமார் 2½ கிராம் வேண்டும். வட்டக் கிணற்றின் விட்டத்தை மீட்டரில் அளந்து, அதை அதனாலேயே பெருக்கி, நீரின் ஆழத்தாலும் 3.14-ஆலும் பெருக்கி, நான்கால் வகுத்தால் எத்தனை ஆயிரம் லிட்டர் என்பது கிடைக்கும். விட்டம் 3 மீட்டர், ஆழம் 4 மீட்டர் ஆயின், சுமார் 28 ஆயிரம் லிட்டர். பவுடர் சுமார் 70 கிராம். அதை வாளியில் சிறிது நீர்விட்டுக் குழைத்து, பின் மேலும் நீர் ஊற்றிக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் தங்கியபின் தெளிவை மட்டும் வேறு வாளியில் இறுத்து, கிணற்றில் இறக்கி நன்கு கலக்க வேண்டும். இரவில் நீர் இறைப்பு நின்றபின் செய்வது உத்தமம். குறைந்தது ஒரு மணி நேரம் கழித்தே நீர் எடுக்கலாம். பவுடரைத் திறந்து வைத்தால் வீரியம் போய்விடும். நீர் மிகவும் அசுத்தமாயிருப்பின் அளவு கூடும். அதைச் சுகாதார ஆய்வாளர் சோதித்துச் சொல்வார்.

4. குடத்தில் கை படலாகாது

இதுவே இப்பாடத்தின் சாரம். கிணற்றிலோ குழாயிலோ சுத்தமாயிருந்த நீர், வீட்டுக் குடத்தில் அசுத்தமாவது மிகச் சாதாரணம். குழந்தையைக் கழுவிய கையோடு ஒருவர் செம்பை அமிழ்த்தி மொள்ளுவார்; விரல்கள் நீரில் தோயும்; அவ்வளவே போதும். ஆகையால், குடத்துக்கு மூடி வேண்டும். மொள்ளுவதற்கு நீண்ட காம்புள்ள அகப்பை வேண்டும். அதைத் தரையில் வைக்காமல் ஆணியில் மாட்ட வேண்டும். அடியில் குழாய் வைத்த பாத்திரம் இதனினும் சிறந்தது. தண்ணீர்ப் பந்தலுக்கு அது இன்றியமையாதது. ஐயமுள்ள நீரைக் கொதிக்கவைத்து, அதே பாத்திரத்திலேயே மூடி ஆறவிடுக.

மலம் கழித்தபின், குழந்தையைக் கழுவியபின், சமைக்குமுன், உண்ணுமுன், ஊட்டுமுன் ஆகிய ஐந்து வேளைகளிலும் சோப்பிட்டு இரு கைகளையும் கழுவுவதை வீட்டு விதியாகக் கொள்ளுக.

5. நோய் வந்துவிட்டால்

வயிற்றுப்போக்கில் உயிரைப் போக்குவது பெரும்பாலும் உடலின் நீரும் உப்பும் வெளியேறுவதே. 1971-ஆம் ஆண்டில் வங்காளத்து வனகான் அகதி முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் மருந்துநீர் தீர்ந்துபோன காலை, டாக்டர் திலீப் மஹலனோபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுக்கச் செய்தார். நூற்றுக்கு முப்பதாயிருந்த மரணம் நான்குக்கும் கீழாகக் குறைந்தது.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும் உப்பு-சர்க்கரைப் பொட்டலமே சிறந்தது. அது கைவசமில்லையேல், கொதித்தாறிய ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும், தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து, சிறிது சிறிதாகக் கொடுக்க வேண்டும். உப்பு மிகுதல் அபாயம். ஒரு நாளுக்குமேல் அந்நீரை வைக்கலாகாது. தாய்ப்பாலையும் ஆகாரத்தையும் நிறுத்த வேண்டாம். "பேதியாகும் பிள்ளைக்குத் தண்ணீர் காட்டாதே" என்று சொல்வாருண்டு. அச்சொல்லைக் கேட்டு வாடிப்போகும் குழந்தைகள் பல. கண் குழிவிழுதல், சோர்ந்து கிடத்தல், குடிக்க இயலாமை, மலத்தில் இரத்தம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றைக் கண்டால் தாமதியாது வைத்தியரிடம் கொண்டுசெல்க.

6. அடுத்த கூட்டத்தில் ஆலோசிக்க வேண்டியவை

(அ) நம் ஊர்ப் பொதுக் கிணறு எத்தனை ஆயிரம் லிட்டர் கொள்ளும்? அதை அளந்தவர் யார்?

(ஆ) மூடியும் குழாயும் உள்ள பாத்திரங்களைச் சங்கத்தின் மூலம் மொத்தமாக வாங்கினால் விலை எவ்வளவு குறையும்?

(இ) உப்பு-சர்க்கரைப் பொட்டலங்களைச் சங்கக் கட்டடத்தில் யார் பொறுப்பில் வைப்பது?

(ஈ) வருகின்ற தீபத்துக்கு நாம் வைக்கும் பந்தலில் குவளை கழுவுவதற்கு யாரை நியமிப்பது?

இந்நான்கு கேள்விகளுக்கும் விடையைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, செய்துமுடிக்கும் தேதியையும் குறித்துவிடுவது நலம்.