பலி ஆட்டுக்குட்டி

எகிப்தில் அடிமைப்பட்டிருந்த இஸ்ரயேலர் விடுதலை பெற்ற இரவை விவிலியத்தின் விடுதலைப் பயண நூல் விரித்துரைக்கிறது. ஒவ்வொரு குடும்பமும் முதல் மாதத்தின் 10ஆம் நாளில் ஒரு வயதுடைய கிடாய்க்குட்டி ஒன்றைத் தெரிந்தெடுத்து, 14ஆம் நாள் மாலைவரை பேணவேண்டும். செம்மறியோ வெள்ளாடோ, பழுதற்றதாக இருத்தலே முதன்மை. நான்கு நாள் வீட்டாரால் பேணப்பட்ட குட்டியே பின்னர்ப் பலியாயிற்று. அதன் குருதி பூசப்பட்ட கதவுநிலைகளைச் சாவு கடந்து சென்றது. எகிப்தியரின் தலைப்பிள்ளைகளோ மாண்டனர். இந்நிகழ்வின் நினைவே பாஸ்கா விழா. பலிக்குட்டியின் எலும்பை முறிக்கலாகாது என்பதும் அவ்விழாவின் விதி.

இவ்விதியை யோவான் நற்செய்தி மறக்கவில்லை. இயேசுவுடன் சிலுவையில் அறையப்பட்ட இருவரின் கால்களைப் படைவீரர் முறித்தனர். முன்னரே உயிர்நீத்திருந்த இயேசுவின் கால்களை முறிக்கவில்லை. திருமுழுக்கு யோவான் அவரைக் கடவுளின் ஆட்டுக்குட்டி என்று சுட்டியதன் பொருள் இங்கே விளங்குகிறது. அன்று ஒரு குட்டி ஒரு வீட்டைக் காத்தது. இவரோ உலகின் பாவத்தைப் போக்குபவர் என்பது நற்செய்தியாளர் கருத்து.

திருவெளிப்பாடு நூலில் இக்குறியீடு மேலும் வியப்பூட்டுகிறது. யூதா குலத்துச் சிங்கம் வென்றுவிட்டது என்று மூப்பர் ஒருவர் அறிவிக்கிறார். காட்சி காண்பவர் சிங்கத்தை எதிர்நோக்கித் திரும்புகிறார். அரியணையின் நடுவே நிற்பதோ, கொல்லப்பட்டது போன்றதொரு ஆட்டுக்குட்டி.