பள்ளிக் குழாயும் மாணவர் கணக்கும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. வேதியியல்)

சுற்றுச்சூழல் பாதுகாப்பு என்றவுடன் மரக்கன்றும் ஊர்வலமுமே நம் நினைவிற்கு வருகின்றன. 1972ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் நகரில் நடைபெற்ற ஐ.நா. மாநாட்டின் விளைவாக, 1973 முதல் ஆண்டுதோறும் ஜூன் 5ஆம் நாள் உலகச் சுற்றுச்சூழல் நாளாகக் கொண்டாடப்படுகிறது. 2001-02ஆம் ஆண்டில் நடுவண் அரசு தொடங்கிய தேசியப் பசுமைப் படையின் வழியாகப் பள்ளிகளில் மாணவர் மன்றங்கள் தோன்றின. எனினும், மாணவர் செய்யும் பணி விழாவோடு முடிகிறதா, பயன் தருகிறதா என்பதை எவ்வாறு அறிவது? அளந்து பார்த்தே அறிய வேண்டும் என்பது என் கருத்து.

எங்கள் நாட்டு நலப்பணித் திட்ட முகாம் நடந்த ஊரின் பள்ளியில், ஒன்பதாம் வகுப்பு மாணவர் சிலர் தாமாகவே மேற்கொண்ட ஆய்வு ஒன்றைக் கண்டேன். அங்கு ஆறு குழாய்கள் மூடிய பின்னும் சொட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றின் கீழும் பத்து நிமிடம் பாத்திரம் வைத்து, சேர்ந்த நீரை ஆய்வகத்து அளவு சாடியில் ஊற்றிக் குறித்தனர். ஆறும் சேர்ந்து 180 மில்லிலிட்டர். இது ஒரு டம்ளர் நீர்தானே எனத் தோன்றும். ஆனால், ஒரு நாளில் 144 பத்து நிமிடங்கள் உள்ளன. பெருக்கினால் ஏறத்தாழ 26 லிட்டர். ஓராண்டிற்கோ ஏறத்தாழ 9,500 லிட்டர். குடம் ஒன்றிற்கு 15 லிட்டர் எனக் கொண்டால், நாளொன்றுக்குக் கிட்டத்தட்ட இரண்டு குடம். தெருக்குழாயில் வரிசையில் நின்று நீர் சுமக்கும் தாய்மார்களின் பிள்ளைகளுக்கு இரண்டு குடத்தின் அருமையை எவரும் விளக்க வேண்டியதில்லை.

கணக்குத் தாளைத் தலைமையாசிரியரிடம் கொடுத்தனர். வாஷர்கள் மாற்றப்பட்டன. அத்துடன் நில்லாமல் மறுபடியும் அளந்தனர். ஐந்து குழாய்கள் நின்றுவிட்டன. ஆறாவது மட்டும் சொட்டியது. அதன் திருகு தேய்ந்திருந்ததால் குழாயையே மாற்ற நேர்ந்தது. இரண்டாம் முறை அளந்திராவிட்டால் அக்குழாயை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

மரம் நடுதலுக்கும் இது பொருந்தும். தமிழகத்தின் பல மாவட்டங்களுக்குப் பெருமழை தருவது அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழை. ஜூனில் நட்ட கன்று அதுவரை காத்திருக்க வேண்டும். பின்னர்க் கோடை விடுமுறையையும் தாண்ட வேண்டும். எனவே, எத்தனை நட்டோம் என்பதைவிட, மாதந்தோறும் எத்தனை உயிரோடுள்ளன, விடுமுறையில் நீர் ஊற்றுபவர் யார் என்பவையே பதிவேட்டில் இடம்பெற வேண்டியவை.

மழைநீர் சேகரிப்பு தமிழகத்தில் 2003இல் கட்டாயமாக்கப்பட்டது. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர். 100 சதுர மீட்டர் கூரையில் 50 மில்லிமீட்டர் மழைக்கு 5,000 லிட்டர்! இந்நீர் தொட்டியில் இறங்குகிறதா, அடைபட்டு வீதியில் ஓடுகிறதா என்று மாணவர்களே மழைக்கு முன் சென்று பார்க்கலாம்.

இத்தகைய பணிக்குப் பெரும் பொருட்செலவு வேண்டுவதில்லை. பாத்திரமும் கடிகாரமும் குறிப்பேடும் போதும். ஒன்பதாம் வகுப்பார் தம் குறிப்பேட்டை எட்டாம் வகுப்பாரிடம் ஒப்படைத்துச் சென்றால் பணி அறுபடாது. நண்பர்களே! கல்லூரி ஆய்வகத்தில் அளக்கக் கற்ற நாம், அருகிலுள்ள பள்ளிகளுக்குச் சென்று அச்சிறுவர்களுக்குத் துணை நிற்போமாக!