ஐம்பதைத் தாண்டியும் மலை ஏறலாம்
இந்த மாதப் பாடம்: மூத்த பெண்களின் நடைக் குழுக்கள்



நம் குழுக்களில் ஐம்பது வயதைக் கடந்த அக்காமார்களும் அம்மாயிகளும் நிறையப் பேர் இருக்கிறார்கள். "வயசாயிடுச்சு, இனிமே எங்க போறது"ன்னு அவர்கள் சொல்வதைக் கூட்டங்களில் அடிக்கடி கேட்கிறோம். வயது மட்டும்தான் நம்மைத் தடுக்கிறதா, அல்லது கூட வர ஆள் இல்லாததும் தடுக்கிறதா? மலை ஏறிய மூத்த பெண்களின் வரலாற்றை வைத்து இதைப் பார்ப்போம்.

மலை நமக்குப் புதுசு இல்லை

சேந்தமங்கலத்தில் நின்றாலே கொல்லிமலை தெரியும். இன்று காரவள்ளியில் பஸ் ஏறி, 70 கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றி மேலே போகிறோம். இந்த ரோடு வருவதற்கு முன் மலைவாழ் பெண்கள் தலைச்சுமையோடு நடந்தேதான் இறங்கினார்கள், ஏறினார்கள். புரட்டாசி சனிக்கிழமை நைனாமலைக்குப் போய்ப் பாருங்கள். எத்தனை பாட்டிமார்கள் படி ஏறுகிறார்கள்! ஊரே சேர்ந்து போவதால் அன்றைக்கு யாரும் வயதைக் கேட்பதில்லை.

பெண்களுக்கு இடம் தராத சங்கம்

மலை ஏறுவதற்கென்று உலகில் முதலில் தோன்றிய சங்கம் லண்டனில் 1857இல் தொடங்கிய 'ஆல்பைன் கிளப்'. அதில் ஆண்கள் மட்டுமே சேரலாம். மலை ஏறத் தெரிந்த பெண்கள் இருந்தும் அவர்களுக்கு இடமில்லை. அதனால் 1907இல் பெண்கள் தங்களுக்கென்று தனிச் சங்கம் ஆரம்பித்தார்கள். 1975இல்தான் இரண்டு சங்கங்களும் ஒன்றாயின. இடம் கிடைக்காத பெண்கள் தாங்களே கூடிச் சங்கம் வைப்பது நமக்கும் தெரிந்த கதைதானே?

67 வயதுப் பாட்டி

அமெரிக்காவில் எம்மா கேட்வுட் என்று ஒரு விவசாயக் குடும்பத்துப் பெண். 11 பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர். கணவரிடம் பல வருடம் அடி, உதை பட்டுக் கடைசியில் விவாகரத்து வாங்கினார். 1955இல், 67ஆம் வயதில், அப்பலாச்சியன் மலைப்பாதை முழுவதையும் தனியாக நடந்து முடித்தார். தூரம் 3,000 கிலோமீட்டருக்கும் மேல். விலை உயர்ந்த சாமான் எதுவும் அவரிடம் இல்லை. சாதாரண கேன்வாஸ் ஷூ, தானே தைத்த ஒரு துணிப்பை, அவ்வளவுதான்.

நம் நாட்டில்

பச்சேந்திரி பால் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1984 மே மாதம் எவரெஸ்ட் சிகரத்தை அடைந்த முதல் இந்தியப் பெண். உத்தரகாண்டில் ஒரு மலைக் கிராமத்தில் பிறந்தவர். 1997இல் 8 பெண்கள் கொண்ட குழுவாக அருணாசலப் பிரதேசத்திலிருந்து சியாச்சின் வரை இமயமலை வழியே 4,500 கிலோமீட்டர் நடந்தார்.

அதோடு அவர் நிற்கவில்லை. 2022 மார்ச் மாதம், தன் 67ஆம் வயதில், ஐம்பது வயதைக் கடந்த பெண்களை மட்டும் சேர்த்துக்கொண்டு மறுபடியும் கிளம்பினார். குழுவில் மூத்தவருக்கு வயது 68. ஏற்கெனவே எவரெஸ்ட் ஏறியவர்களும் இருந்தார்கள், வேலையில் ஓய்வு பெற்றவர்களும் வீட்டைக் கவனித்துவந்த இல்லத்தரசிகளும் இருந்தார்கள். மியான்மர் எல்லையில் புறப்பட்டு, சுமார் ஐந்து மாதத்தில் கார்கில் பகுதிக்குப் போய்ச் சேர்ந்தது அந்தக் குழு. தூரம் 4,800 கிலோமீட்டருக்கு மேல். வழியில் கடந்த கணவாய்களில் ஒன்று 17,000 அடிக்கு மேல். நம் கொல்லிமலை சுமார் 4,000 அடிதான் என்று நினைத்துப் பாருங்கள்.

"நாள் பூரா காட்டுலதானே நடக்குறோம்?"

இந்தக் கேள்வி நியாயமானது. களை எடுத்து, தண்ணி சுமந்து வேலை செய்பவருக்கு உடம்பு உழைப்பு போதும். ஆனால் வேலையை விட்டு, பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டு வீட்டோடு உட்கார்ந்துவிட்டவர்கள் நிலை வேறு. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு எலும்பின் பலம் வேகமாகக் குறைகிறது. அசையாமல் இருந்தால் தசையும் தளர்ந்துவிடும். ஒரு தடவை வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் ஆஸ்பத்திரிச் செலவுக்குக் குடும்பமே கடன் வாங்க வேண்டியிருக்கும்.

வாரத்துக்கு 150 நிமிடமாவது ஓரளவு வேகமாக நடப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாளைக்கு அரை மணி நேரம், வாரம் ஐந்து நாள், கணக்கு சரியாக வரும்.

நம் குழுவில் எப்படித் தொடங்கலாம்?

1. ஐந்து பேர் போதும். நேரம் ஒன்று முடிவு செய்து, தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள்.
2. சர்க்கரை, ரத்த அழுத்தம், நெஞ்சுவலி உள்ளவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுக்கொண்டு தொடங்கவும்.
3. முதல் வாரம் பத்து நிமிடம். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டவும். நடக்கும்போது பேச முடிய வேண்டும். பேச முடியாமல் மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறைக்கவும்.
4. மெதுவாக நடப்பவர் வேகமே குழுவின் வேகம். யாரையும் பின்னால் விட்டுவிட்டுப் போகக் கூடாது.
5. தேய்ந்த செருப்பு வேண்டாம். சர்க்கரை உள்ளவர்கள் தினமும் பாதத்தைப் பார்க்கவும். சர்க்கரை மாத்திரையோ ஊசியோ போட்டுக்கொண்டு வெறும் வயிற்றில் நடக்கக் கூடாது. முடிச்சில் கொஞ்சம் சர்க்கரை வைத்துக்கொள்ளவும்.
6. மேட்டில் ஏறுவதைவிட இறங்கும்போதுதான் முட்டிக்குப் பாரம் அதிகம். கையில் ஒரு கம்பு இருக்கட்டும். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.
7. நெஞ்சு அடைப்பது போலவோ தலை சுற்றுவது போலவோ இருந்தால் உடனே உட்கார்ந்து, 108க்குச் சொல்லவும்.

ஒரு நாள் நடைக்கு ஒருவர் வரவில்லை என்றால், திரும்பும்போது அவர் வீட்டில் எட்டிப் பாருங்கள். தனியாக இருக்கும் அம்மாக்களுக்கு இதுவே பெரிய ஆறுதல்.

கூட்டத்தில் பேசுவதற்கு

• நம் குழுவில் ஐம்பது வயதுக்கு மேல் எத்தனை பேர்? அதில் வீட்டை விட்டு வெளியே வராதவர்கள் யார்?
• அவர்கள் வர முடியாததற்குக் காரணம் உடம்பா, வீட்டு வேலையா, "ஊர் என்ன சொல்லும்" என்ற பயமா?
• வீட்டு வேலைதான் காரணம் என்றால், அந்த அரை மணி நேரம் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்ளலாம்?
• அடுத்த புரட்டாசிக்குள் நைனாமலை ஏற யார் யார் தயார்?

பேசி எடுத்த முடிவைப் பிரதிநிதி மூலம் கூட்டமைப்புக் கூட்டத்தில் சொல்லுங்கள். மற்ற குழுக்களும் தெரிந்துகொள்ளட்டும்.