கருமுத்து வாங்கும் முன்...

முத்து என்றதும் நமக்குக் கொற்கையும் தூத்துக்குடியும்தான் நினைவுக்கு வரும். ஆனால் தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். இன்று நகைக்கடைகளில் விற்கும் முத்துக்களில் மிகப் பெரும்பாலானவை பண்ணையில் வளர்க்கப்பட்டவையே. இது எனக்கே சென்ற ஆண்டுதான் சரியாக விளங்கிற்று.

என் இளைய மகனும் மருமகளும் தேனிலவுக்காகத் தென் பசிபிக்கில் உள்ள பிரெஞ்சு பாலினேஷியாவுக்குச் சென்று வந்தார்கள். வந்த அன்றே மருமகள் இரண்டு பொட்டலங்களைப் பிரித்தாள். ஒன்றில், தாஹா என்னும் தீவின் பண்ணையில் தனக்காக வாங்கிய ஒற்றை முத்து. சொட்டு வடிவம், பச்சை கலந்த சாம்பல் நிறம், உடலைச் சுற்றி மூன்று வரிகள். மற்றதில், தலைநகரான பப்பேத்தேயில் ஒரு சிறு கடையில் தன் தாயாருக்காக வாங்கிய கருமுத்துச் சரம். "தீவு முத்து" என்று சொல்லிக் கொடுத்தார்களாம். முழுச் சரத்தின் விலை அந்த ஒற்றை முத்தை விடக் குறைவு!

"மாமா, நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள்" என்றாள்.

முத்து விளையும் விதம்

அத்தீவுகளில் வளர்ப்பது கருவிளிம்புச் சிப்பி. பண்ணைகள் பெரும்பாலும் டுவாமோட்டு, காம்பியர் தீவுக்கூட்டங்களில் உள்ளன. சிப்பியைச் சற்றே திறந்து இரண்டு பொருள்களை உள்ளே வைக்கிறார்கள். ஒன்று, அமெரிக்க ஆற்றுச் சிப்பியின் ஓட்டில் கடைந்த உருண்டை மணி. மற்றது, வேறொரு கருவிளிம்புச் சிப்பியின் மேலுறைத் தசையில் நறுக்கிய சிறு துண்டு. அத்துண்டு மணியைச் சுற்றிப் பைபோல வளர்ந்து, படலம் படலமாக முத்துப்பூச்சைப் பூசுகிறது. இதற்கு ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் ஆகும். மணி வைத்து வளர்க்கும் இம்முறையில் நம் தூத்துக்குடியிலும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1973இல் உருண்டை முத்தை உண்டாக்கிக் காட்டியது.

கருமுத்து என்பது பெயர்தான். சாம்பல், பச்சை, மயில் கழுத்து, கத்தரிப்பூ எனப் பல நிறங்கள் உண்டு. அளவு பெரும்பாலும் 8 முதல் 14 மில்லிமீட்டர். இரண்டு முத்துக்கள் ஒன்றுபோல் அமைவது அரிது. ஆகவே ஒரு சரம் சேர்க்க ஏராளமான முத்துக்களிலிருந்து பொறுக்க வேண்டும். அதனால்தான் நல்ல சரத்தின் விலை எட்டாத உயரத்தில் நிற்கிறது.

சரத்தைச் சோதித்தேன்

ரயில்வே பட்டறையில் ரோலர் பேரிங்குகளைப் பரிசோதித்த பழக்கத்தில் வெர்னியர் காலிப்பரை எடுத்தேன். சரத்தின் முத்துக்கள் அத்தனையும் 7 மில்லிமீட்டரை ஒட்டியே இருந்தன. நிறமும் அச்சில் வார்த்தாற்போல் ஒரே கறுப்பு. பட்டறையில் இப்படி இருந்தால் உடனே கையெழுத்துப் போட்டிருப்பேன். இங்கே அதுவே சந்தேகத்தைக் கிளப்பியது. லென்ஸில் பார்த்தால், துளையின் ஓரத்தில் கறுப்பு திட்டாகத் தேங்கியிருந்தது. ரத்தினப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்தோம். சாயமேற்றிய நன்னீர் முத்து என்று சான்று வந்தது. முத்துதான், பொய்யில்லை, ஆனால் அந்தத் தீவில் விளைந்ததல்ல.

வாங்குவோர் கவனத்திற்கு

1. "தீவில் விற்பது" வேறு, "தீவில் விளைந்தது" வேறு. எந்தச் சிப்பி, எந்த இடம், இயற்கை நிறமா என்று கேட்டு, ரசீதில் எழுதி வாங்குங்கள். எங்கள் ரசீதில் "முத்து" என்று மட்டுமே இருந்தது.

2. பல்லில் தேய்த்தால் நறநறவென்று இருப்பது நல்ல முத்து என்பார்கள். அச்சோதனை கண்ணாடி மணியைக் காட்டிக்கொடுக்கும். சாயமேற்றிய முத்தைக் காட்டிக்கொடுக்காது.

3. முதலில் பளபளப்பைப் பாருங்கள். முகம் தெளிவாகத் தெரிய வேண்டும். அளவு பிறகுதான். அளவு கூடக்கூட விலை வேகமாக ஏறும்.

4. வரியோடிய முத்துக்கும் கோணல் முத்துக்கும் விலை குறைவு. பூச்சில் குறைவென்று பொருளல்ல. அளவான பணத்தில் அசல் வேண்டுவோர்க்கு இவையே ஏற்றவை.

5. முத்துக்குப் புளிப்பு ஆகாது. புளி, எலுமிச்சை கொண்டு துலக்க வேண்டாம். வியர்வை பட்டால் மெல்லிய துணியால் துடைத்து வையுங்கள்.

சான்றைப் படித்த மருமகள் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. மறுவாரம் அவள் தாயார் வந்தபோது, தனக்கென்று வாங்கிய ஒற்றை முத்தை எடுத்து அவர் கையில் வைத்தாள். சரத்தைத் தான் போட்டுக்கொள்கிறாள். யாராவது கேட்டால், "சாயம் போட்ட முத்து, பப்பேத்தேயில் வாங்கியது" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுகிறாள்.

அந்த மூன்று வரிகளை நானும் லென்ஸில் பார்த்தேன். பட்டறையாக இருந்தால் கழித்துப் போட்டிருப்பேன்.