ஐ.டி.இ.யா, சாட்டாவா? லினக்ஸ் போடும் முன்பு...

அப்பா தவணையில் வாங்கித் தந்த பழைய கம்ப்யூட்டரில் இரண்டு ஹார்ட் டிஸ்க். ஒன்று ஐ.டி.இ.: 40 முனைப் பட்டை கேபிள், மாஸ்டர்-ஸ்லேவ் ஜம்பர், வினாடிக்கு 133 மெகாபைட். மற்றது 2003-இல் வந்த சாட்டா: 7 முனை, முதல் தலைமுறையிலேயே 150, ஜம்பர் தொல்லை இல்லை. (எல்லாம் காகித வேகம், தட்டு சுற்றுவதற்குத் தக்கதுதானே வரும்!)

பழைய லினக்ஸ் புத்தகத்தில் ஐ.டி.இ. என்றால் 'எச்.டி.ஏ.' என்றிருந்தது. அப்போ 'எஸ்.டி.ஏ.' சாட்டாதான் என்று நம்பி ஃபார்மட் கொடுத்தேன். போனது ஐ.டி.இ.யில் இருந்த என் புராஜெக்ட்!

2006-இல் வந்த 2.6.19 கெர்னல் தொடங்கி லிப்-ஏ.டி.ஏ. டிரைவர் ஐ.டி.இ.க்கும் 'எஸ்.டி.' பெயரே வைக்கிறது. பழைய டிரைவரை 2021-இல் எடுத்தே விட்டார்கள். எது 'ஏ', எது 'பி' என்பதும் நிலையில்லை. 'எல்.எஸ்.பி.எல்.கே.' கொடுத்து அளவைப் பாருங்கள், 'எஃப்.எஸ்.டேப்' கோப்பில் பெயருக்குப் பதில் யு.யு.ஐ.டி. எழுதுங்கள். நான் பதினோரு ராத்திரி உட்கார்ந்து புராஜெக்டை மறுபடி அடித்தேன்.